இருந்து பார்க்கக் கூடாத படம்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த ஆளைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பினால் மன்னித்துவிடுவார்கள். தேத்தண்ணியில் சீனி குறைந்தால் அதையும் மறந்துவிடுவார்கள். ஆனால் வந்தவரை நிற்க வைத்து அனுப்பினால், அந்தக் கதை உங்கள் பேரப்பிள்ளையின் கலியாணப் பேச்சுவரைக்கும் கூடவே வரும். "ஒரு கதிரையைத் தூக்கிப் போட்டு இரு எண்டு சொல்லேல்லை" என்ற ஒற்றை வசனத்தால் முறிந்த சம்பந்தங்களை எனக்குத் தெரியும்.

இந்த உண்மையின் மேலேதான் என்னுடைய சீவியமே நடக்கிறது. மன்னார் டவுனுக்கும் தோட்டவெளிக்கும் இடையில் எங்கள் ஊர். அங்கே கதிரை, பந்தல், சவுண்ட்ஸ் வாடகைக்கு விடுகிற அன்ரன் என்றால் நான்தான்.

நான் பயந்த பிறவி. பேய்க்கும் பாம்புக்கும் பயப்படுகிற பயம் அல்ல (அதுவும் இருக்கு). நடக்காத காரியத்துக்கு முன்கூட்டியே பயப்படுகிற பயம். கதிரை வாடகைக்குப் போனால், எந்தக் கதிரையில் எந்த ஆள் இருந்து எப்போது கால் முறியுமோ என்று யோசிப்பேன். அதற்காகவே பாரமான ஆட்களுக்கு ஒரு கதிரைக்குள் இன்னொன்றைச் செருகி இரட்டைக் கதிரையாகப் போட்டுவைப்பேன். சோளகக் காற்று அடித்தால் பந்தல் பறந்துவிடும் என்று பயம். அடிக்காவிட்டால் சனம் வெக்கையில் மயங்கிவிடும் என்று பயம். கோயில் திருவிழாவில் பெடியள் கதிரைகளை இழுத்துக்கொண்டு தங்களுக்குத் தோதான இடத்தில் போய் இருப்பார்கள் என்பதால், வரிசைகளை நைலோன் கயிற்றால் கட்டிவிடுவேன். "கதிரையைக் கட்டுறியோ, கைதியளைக் கட்டுறியோ" என்று பங்குச் சுவாமியாரே ஒருமுறை கேட்டிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். நாங்கள் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்தது. பிறகு அது திரும்பி வந்தது, நான் திரும்பிப் போகவில்லை. (போயிருந்தால் என்னைவிடச் சின்னப் பிள்ளையளோட இருக்கவேணும். அதுகள் சிரிச்சால் என்ன செய்யிறது?) அதனால் படித்த ஆட்கள் ஏதாவது விளக்கினால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. விளங்கினாலும் விளங்காவிட்டாலும் தலையை ஆட்டிவிடுவேன். விளங்காதபோது கொஞ்சம் கூடுதலாக ஆட்டுவேன்.

என் தங்கச்சி யூடித் எனக்கு நேர் எதிர். யாழ்ப்பாணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்தவள். எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக ஒருத்தி படித்து முடித்து வந்து, யாருக்கும் விளங்காத விதமாகக் கதைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருசம் எங்கள் ஊர்ப் பொதுமண்டபம் புதிதாகக் கட்டி முடிந்திருந்தது. வாசலால் உள்ளே வந்தவுடன் ஒரு நீளச் சுவர், வெறும் வெள்ளையாகக் கிடந்தது. அந்தச் சுவருக்குத் தான் ஒரு படைப்புச் செய்து தருவதாக யூடித் கமிட்டியிடம் கேட்டாள். கமிட்டித் தலைவர் சூசை மாஸ்டர், முன்பு கணக்குப் படிப்பித்தவர், நல்லது என்றார். பொருளாளர் நிஸ்தார் நானாவுக்கு மட்டும் அவ்வளவு விருப்பமில்லை. டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கிற நானா அந்தச் சுவருக்கென்றே ஒரு மணிக்கூடு வாங்கி வைத்திருந்தார். தங்க நிறக் கரை போட்டது, ஒரு சுளகளவு பெரியது. "படத்தைப் பாத்து என்ன செய்யிற? மணிக்கூடு எண்டா நேரமாவது தெரியும்" என்பது அவருடைய கட்சி.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். யூடித் செய்ததை ஒரு பின்னேரம் மாட்டிவைப்பது. ஊர்ச்சனம் வந்து பார்ப்பது. பிடித்தால் அது சுவரிலேயே இருக்கும். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு மணிக்கூடு.

இதற்காக யூடித் எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு முற்றத்தில் பலகை அரிந்து அரிந்து, கோழிகள்கூட மரத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டன. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள்: "எங்கட சனத்துக்கு உதெல்லாம் விளங்காது எண்டு அங்க படிக்கேக்க சொன்னவை, அண்ணா. விளங்கும் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். இதைக் கழட்டிப்போட்டினம் எண்டால் நான் இனி ஊரில ஒண்டும் செய்யமாட்டன்."

நான் தலையை ஆட்டினேன். இந்தமுறை விளங்கித்தான் ஆட்டினேன்.

படைப்பு என்றால் என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு யாரும் இப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திராது. ஒரு பெரிய பலகை. அதன் மேல் மெல்லிய சட்டங்கள் நிலைக்குத்தாக, நெருக்கமாக, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு சட்டத்துக்கும் இடப்பக்கம் நீலமும் பச்சையும், வலப்பக்கம் செம்மஞ்சளும் சிவப்பும் பூசியிருப்பாள். முன்விளிம்பு மட்டும் சாம்பல். ஆள் இல்லை, தோணி இல்லை, பனைமரம் இல்லை. இடப்பக்கத்தால் வந்தால் நீலம் அலையடிக்கும். நடக்க நடக்க அது உடைந்து, செம்மஞ்சள் புகுந்து, மற்றப் பக்கம் போகும்போது முழுக்க நெருப்பு மாதிரி நிற்கும். நடக்கிற ஆளுக்குத்தான் இந்த விளையாட்டு. நேர் எதிரே அசையாமல் நின்றால் சாம்பல் கோடுகள். அவ்வளவுதான்.

மாட்டுகிற நாள் ஏணியில் ஏறி ஆணி இறுக்கியது நான். (ஏணிக்கு மேல ஏற முதல் நெற்றியில சிலுவை போட்டது மூண்டு தரம்.) வேலை முடிந்தது. யூடித் குளிக்கப் போய்விட்டாள். நான் இறங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நடந்தேன்.

நீலமாக இருந்த பலகை கண்ணுக்கு முன்னாலேயே சிவந்துகொண்டு வந்தது.

வேறு யாராவது என்றால் "அட, வடிவாக் கிடக்கே" என்றிருப்பார்கள். எனக்கு முதலில் வந்த எண்ணம் பிரஷர். இரண்டாவதாக வந்த எண்ணம், மூளைக்குப் போகிற நரம்பு. ஏணியைக் கீழே வைத்துவிட்டு, கவிழ்த்திருந்த பெயின்ற் வாளியில் இருந்தேன். இருந்தவுடன் நிறம் மாறுவது நின்றுவிட்டது. மெல்ல எழும்பி ஓரடி வைத்தேன், திரும்ப மாறியது. திரும்ப இருந்தேன், நின்றது. சாகப்போகிற மனிதன் இவ்வளவு ஒழுங்காகப் பரிசோதனை செய்திருக்க மாட்டான்.

நேரே டவுனுக்குப் போய் மருந்துக்கடையில் பிரஷர் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம். தண்ணி குடிக்கச் சொன்னார்கள். பிரஷர் கூட என்றால் குளிசை இருக்கிறது. சரியாக இருந்துகொண்டு உலகம் நிறம் மாறினால் அதற்கு என்ன குளிசை?

வருகிற வழியில் கொஞ்சம் தெளிந்து யோசித்தபோது வேறொரு முடிவுக்கு வந்தேன். கோளாறு எனக்கு இல்லை, அந்தப் பலகையில்தான் ஏதோ இருக்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் தலை சுற்றும், இருந்தால் சுகம். ஊரில் உள்ள வயதுபோன ஆட்கள் எல்லாம் வந்து இதற்கு முன்னால் நின்றால் என்ன கதி? ஒருவர் விழுந்தால் போதுமே. யூடித்தின் பெயரும் போச்சு, ஊரின் நிம்மதியும் போச்சு. இதை அவளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் தங்கச்சி பாடுபட்டுச் செய்ததைப் பார்த்து எனக்கு மயக்கம் வந்தது என்று எந்த வாயால் சொல்வது?

இந்த நிலையில்தான் அவள் வந்து சொன்னாள்: "அண்ணா, நாளைக்குக் கதிரை வேண்டாம். ஒண்டுகூட வேண்டாம்."

பாண்காரனிடம் போய் வீட்டுக்குப் பாணே வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. ஏன் என்று அவள் விளக்கினாள். பார்க்கிற கோணம், உடலின் அசைவு, இன்னும் ஏதேதோ சொன்னாள். நான் கூடுதலாகத் தலையை ஆட்டினேன்.

என் மனிசி டிலானியிடம் போய், "பாவம் பிள்ளை, எனக்கு வீண் கரைச்சல் தரக்கூடாது எண்டு வேண்டாம் எண்டிறாள்" என்றேன். டிலானி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவும் இல்லை. "அவள் வேண்டாம் எண்டால் வேண்டாம். விடுங்கோ" என்றாள். சூசை மாஸ்டரிடம் பட்டும் படாமலும் விசாரித்தேன். "கதிரை இல்லாமல் ஒரு கூட்டமோ?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். பிறகென்ன. கதிரைக்கார அன்ரனின் தங்கச்சியின் விழாவில் சனம் நின்றதாம் என்ற பேச்சு என் காதுக்குள் அப்போதே கேட்கத் தொடங்கிவிட்டது.

மற்ற நாள் பின்னேரம், யூடித் சேலை கட்ட வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் கதிரைகளை ஏற்றிக்கொண்டு போய் மண்டபத்தில் இறக்கினேன். என்னுடைய தொழில் வாழ்க்கையிலேயே அவ்வளவு கவனமாக நான் கதிரை போட்டதில்லை. பலகை கழன்று விழுந்தாலும் யாருக்கும் படக்கூடாது என்று தூரத் தள்ளிப் போட்டேன். பக்கத்தில் இருந்தால் கழுத்துப் பிடிக்கும் என்று ஒடுக்கமாக, படத்துக்கு நேர் எதிரே, கோயில் வாங்கு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். எல்லாவற்றையும் நைலோன் கயிற்றால் கட்டினேன். முன்வரிசை நடுவில் நிஸ்தார் நானாவுக்கு இரட்டைக் கதிரை. சூசை மாஸ்டருக்கு முழங்கால் வருத்தம் என்பதால், படத்தை மூடியிருந்த துணியின் கயிற்றை அவருடைய கதிரைக் கை வரைக்கும் கொண்டுவந்து விட்டேன். மனிதர் எழும்பாமலே திரைநீக்கம் செய்யலாம்.

மண்டபத்தில் ஒரு மனிதரும் அசையத் தேவையில்லாதபடி எல்லாம் செய்து முடித்திருந்தேன்.

சனம் வந்தது, துணி மூடிய சுவரைக் கடந்தது, இருந்தது. நானா மணிக்கூட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். டிலானி வாசலடியில் ரோல்ஸும் நெக்ரோ சோடாவும் கொடுக்க ஆயத்தமாக நின்றாள். கதிரைகளைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் கருத்து எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கடைசியாக யூடித் வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோசம், நீர்மட்டம் இறங்குகிற கிணறு மாதிரி மெல்ல மெல்லக் கீழே போனது.

"அண்ணா, கதிரையை எடுங்கோ."

"எல்லாரும் இருந்திட்டினம் பிள்ளை."

இருக்கிற ஆளை எழுப்பிவிட்டுக் கதிரையை எடுப்பதென்பது எங்கள் ஊரில் கொலைக்கு ஒருபடி கீழே. அது அவளுக்கும் தெரியும். நேரே முன்னால் போனாள். சூசை மாஸ்டர் இருந்த இடத்திலிருந்தே கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

சாம்பல் கோடுகள்.

சனம் பார்த்தது. தலையை இப்படிச் சரித்துப் பார்த்தது, அப்படிச் சரித்துப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், பூச்சு வேலை இன்னும் முடியவில்லையாக்கும் என்றார். இன்னொருவர், பின்பக்கத்தை முன்னால் மாட்டிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டார். ஆணி இறுக்கியவன் நான் என்பதால் எனக்கும் ஒரு கணம் அந்தப் பயம் வந்துபோனது. நிஸ்தார் நானா படத்தைப் பார்க்கவில்லை. சுவரின் நடு எங்கே வரும் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

யூடித் மைக்கை எடுத்தாள். "எல்லாரும் தயவுசெய்து எழும்புங்கோ" என்றாள்.

உடனே எல்லோரும் எழும்பினார்கள். எழும்பி, கையைக் கட்டி, தலையைக் குனிந்தார்கள். மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். மைக்கில் எழும்பச் சொன்னால் அது மௌன அஞ்சலி என்பது எங்கள் சனத்துக்கு ஊறிப்போன பழக்கம். பின்வரிசையில் ஒரு பெண், யார் மோசம் போனது என்று மெதுவாகக் கேட்டாள். தெரியவில்லை, பெரிய ஆளாகத்தான் இருக்கும் என்று மற்றவள் சொன்னாள். யூடித் திகைத்துப்போய் நிற்க, ஒரு அஞ்சலிக்கு உரிய நேரம் கழிந்ததும் சூசை மாஸ்டர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் திரும்ப இருந்தார்கள்.

"அப்படியில்லை, எழும்பி இஞ்சால வந்து நடந்து பாருங்கோ" என்று அவள் இரண்டாம் தரம் சொன்னாள். இந்தமுறை ஒருவரும் அசையவில்லை. எழும்பிப் போனவனின் கதிரை திரும்பக் கிடைக்காது என்பது ஊருக்கே தெரிந்த விசயம். எழும்பலாம் என்று நினைத்த ஒன்றிரண்டு பேரும் என் கயிற்றில் கால் சிக்கித் திரும்ப இருந்துவிட்டார்கள்.

யூடித் மைக்கை வைத்துவிட்டு நேரே பின்னால் என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் கோபம்தான்.

"நடந்தால்தானே அண்ணா அது மாறும். மாட்டேக்க நிறம் மாறினது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது."

"பிறகேன் சொல்லேல்லை?"

"பிரஷர் எண்டு நினைச்சனான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் படிப்பு இல்லை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. இந்தக் கதிரைகள் இல்லாவிட்டால் இந்நேரம் ஊரே நடந்து பார்த்து வாயைப் பிளந்திருக்கும். என் தங்கச்சி பட்ட பாட்டையெல்லாம் நானே கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன். அந்த அவசரத்தில் மனிதன் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தேன். நேரே முன்னுக்குப் போய், "இஞ்ச பாருங்கோ, நான் நடந்து காட்டுறன்" என்றேன்.

நடந்தேன். நடந்துகொண்டே சத்தமாகச் சொன்னேன். "இப்ப நீலம்." இன்னும் கொஞ்சம் போனேன். "நீலத்துக்குள்ள பச்சை வருது, பாருங்கோ." மற்றப் பக்கம் போனேன். "இந்தா, செம்மஞ்சள். இப்ப முழுச் சிவப்பு." திரும்பி நடந்தேன். "திரும்ப நீலம்."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் மாறியதெல்லாம் நடந்த எனக்கு. இருந்த சனத்துக்குத் தெரிந்தது, அசையாத சாம்பல் பலகையும், அதற்கு முன்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக நடந்து நிறங்களின் பெயரைச் சொல்கிற கதிரைக்கார அன்ரனும்தான்.

இதைவிட வெட்கக்கேடு என்னவென்றால், நடுவில் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. முதல்நாள் பயத்தில் பார்த்ததை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வேகமாகப் போனால் நிறம் வேகமாக ஓடியது. நின்றால் அதுவும் நின்று என்னைப் பார்த்தது. காலைப் பின்னால் வைத்தால் அலை பின்வாங்கியது. பேசாலைப் பக்கம் காலையில் வெயில் ஏறும்போது கடல் இப்படித்தான் என்னவோ செய்யும். நான் சனத்தை மறந்துவிட்டேன். ஒரு கட்டத்தில் ஓடிப் பார்த்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை என்று சாதித்துவருகிறேன்.

"பொடியனுக்கு எப்ப தொடக்கம் இப்படி?" என்று நிஸ்தார் நானா சூசை மாஸ்டரிடம் கவலையாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

டிலானி ஒரு கிளாஸ் நெக்ரோவோடு வந்து என் கையைப் பிடித்தாள். கண் முழுக்க என் முகத்திலேயே இருந்தது. "இஞ்சேருங்கோ, வாங்கோ, வந்து இருங்கோ" என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். (கடைக்கண்ணில செம்மஞ்சளா ஏதோ ஓடினது அவளுக்கும் தெரிஞ்சதாம். என்ர வருத்தம் தனக்கும் தொத்திட்டுதாக்கும் எண்டு பேசாமல் இருந்திட்டாளாம்.) என்னை என்னுடைய கதிரை ஒன்றிலேயே இருத்தினாள். ஊர் முழுக்க என்னை இரக்கமாகப் பார்த்தது. முன்னால் யூடித் சுவரில் சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானா மணிக்கூட்டுப் பெட்டியில் ஒட்டியிருந்த நாடாவை உரிக்கத் தொடங்கினார்.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எனக்கு ஒரே ஒரு ஆசைதான், இந்தக் கதிரைகளை ஏற்றிக்கொண்டு இந்த இடத்தைவிட்டுப் போய்விடவேண்டும். எழும்பிப் பின்வரிசைக் கயிற்றை அவிழ்த்தேன். வெறுமையாக இருந்த கதிரைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினேன். டக், டக், டக்.

அந்தச் சத்தத்தின் வலு எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் சுவாமியார் நன்றி சொன்னாலும் கூட்டம் முடியாது, தலைவர் கையெடுத்துக் கும்பிட்டாலும் முடியாது. கதிரைக்காரன் அடுக்கத் தொடங்கினால்தான் முடிந்தது என்று கருத்து. பெண்கள் கைப்பையை எடுத்தார்கள். ஆண்கள் சாரத்தை உதறிக் கட்டினார்கள். மைக்கில் இரண்டுதரம் கேட்டும் அசையாத சனம், சொல்லாமலே எழும்பி வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியது.

வாசலுக்குப் போக அந்தச் சுவரோரமாகத்தான் போகவேண்டும்.

முன்னால் போன அக்கா ஒருத்தி சடாரென்று நின்றாள். பின்னால் வந்தவர் அவளில் மோதினார். "உது இப்ப நீலமாயெல்லோ கிடந்தது?" என்றாள் அவள். ஓரடி பின்னுக்கு வைத்தாள். திரும்ப முன்னுக்கு வைத்தாள். பிறகு புருசனைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தி, நடவுங்கோ, நில்லாதேங்கோ, நடவுங்கோ என்று முதுகில் தட்டினாள். அவ்வளவுதான். வாசலால் வெளியே போனவர்கள் திரும்ப உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் மற்றப் பக்கத்தால் போனார்கள். மண்டபம் முழுக்க ஒரே குரல்: "இப்ப நீலம்." "இந்தா செம்மஞ்சள்." "எனக்கு இன்னும் பச்சையாத்தான் நிக்குது, தள்ளு பாப்பம்." நான் சொன்ன அதே வசனங்கள், ஒரு எழுத்து மாறாமல். யாரோ ஒருவர், அன்ரனுக்கு ஒன்றுமில்லை, அவன் சொன்னது சரிதான் என்று அறிவித்தார். என் வாழ்க்கையில் சனக்கூட்டத்துக்கு முன்னால் நான் சுகதேகி என்று சான்று கிடைத்தது அந்த ஒருமுறைதான்.

எனக்கு உடனே அடுத்த பயம் வந்துவிட்டது. நெரிசலில் யாராவது விழுந்தால்? "தள்ளாதேங்கோ, தள்ளாதேங்கோ" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

நிஸ்தார் நானா மட்டும் இன்னும் எழும்பவில்லை. எழும்பப் பார்த்தபோது இரட்டைக் கதிரையில் மேல்கதிரை அவரோடேயே எழும்பிவிட்டது. நான் பிடித்து இழுத்து விடுவித்தேன். மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு நடந்தார். சனம் வழிவிட்டது. பாதிச் சுவர் போனதும் கால் தயங்கியது. பின்னால் வந்தார். திரும்பப் போனார்.

"அன்ரன், இஞ்ச வா. நீ இதில நில்லு. நான் நடக்கிறன், மாறுதா எண்டு சொல்லு."

"எனக்கு மாறாது நானா. நான் நிக்கிறனெல்லோ."

"அப்ப எனக்கு மட்டும்தானா மாறுது?"

"ஓம் நானா. உங்களுக்கு மட்டும்தான்."

நானா இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். ஊருக்கெல்லாம் இரும்பு விற்கிற மனிதருக்கு, உங்களுக்கு மட்டும் என்று ஒரு பொருளை யாரும் கொடுத்ததில்லைப் போலும். இன்னொருதரம் நடந்தார், இந்தமுறை மெதுவாக, மாப்பிள்ளை நடை. "மாஷா அல்லாஹ்" என்றார். யூடித்தைப் பார்த்தார். "மகள், இது என்ன? கடலா, நெருப்பா?"

"ஒண்டும் இல்லை நானா. நீங்கள் நடக்கிறதுதான்" என்றாள் யூடித். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

சூசை மாஸ்டர் அந்த இடத்திலேயே கமிட்டியைக் கூட்டினார். இருக்க வசதியில்லை, கதிரையெல்லாம் நான் அடுக்கிவிட்டேன். அந்த மண்டபத்தில் நின்றுகொண்டு நடந்த ஒரே கமிட்டிக் கூட்டம் அதுதான். அதனாலோ என்னவோ சீக்கிரம் முடிந்தது. படம் சுவரிலேயே இருக்கட்டும் என்று பிரேரித்தது பொருளாளர். மணிக்கூட்டை எதிர்ச்சுவரில் மாட்டும்படி என் கையில் தந்தார். நேரம் பார்க்கிறவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பார்க்கட்டுமாம்.

படம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊர் மண்டபத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் பயந்துபோவார்கள். எந்தக் கூட்டம் என்றாலும் சனம் நேரே போய் இருக்காது, சுவரோரமாக மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கும். வெளியாருக்கு, ஊர் முழுவதும் ஏதோ பெரிய யோசனையில் இருக்கிற மாதிரித் தெரியும். கலியாணச் சோடிகளும் அந்தச் சுவருக்கு முன்னால் நடந்துதான் வீடியோ எடுக்கிறார்கள். அந்தப் பக்கம் கதிரை போட எனக்கு மட்டும் அனுமதியில்லை. யூடித் போட்ட தடை. அவள் இப்போது பெரியமடுவில் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு இன்னொன்று செய்துகொண்டிருக்கிறாள். ஆணி இறுக்க வேறு ஆள் பிடித்திருக்கிறாளாம்.

வீட்டில் எனக்குக் கிடைத்தது வேறு. நான் எதற்காவது பயந்து மேலும் கீழும் நடக்கத் தொடங்கினால், டிலானி நிமிராமலே கேட்பாள்: "இப்ப என்ன நிறம்?" மகளும் பழகிவிட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனையில் நான் தவித்துக்கொண்டு நிற்க, காய்ச்சல்காரியே கட்டிலில் படுத்துக்கொண்டு, "அப்பா, இப்ப என்ன நிறம்?" என்றாள். தாதிமார் என்ன ஏது என்று விசாரிக்க, டிலானி தொடக்கத்திலிருந்து கதையைச் சொன்னாள். நான் ஓடிய பகுதியைக் கையால் நடித்தும் காட்டினாள்.

போன கிழமை மடுப் பக்கம் ஒரு கலியாணவீட்டுக்குப் பந்தல் போட்டிருந்தேன். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பொறுக்காமல் டிலானிக்கு ரெலிபோன் எடுத்து, காற்று, மழை, பந்தல், மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"இப்ப என்ன நிறம்?" என்றாள்.

"சாம்பல்" என்றேன்.

"அப்ப ஏன் ஒரே இடத்தில நிக்கிறியள்? கொஞ்சம் நடந்து பாருங்கோ."

நடந்து பார்த்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், செம்மஞ்சள் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பந்தலைச் சுற்றி அப்படியே போனதில் குசினிப் பக்கம் வந்துவிட்டேன். அங்கே எனக்கு ஒரு கதிரை போட்டு, இருக்கச் சொல்லி, ஒரு வாழையிலையில் சுடச்சுடச் சாப்பாடும் வைத்தார்கள்.